எட்டுச் சத்தப் பெட்டி

வட்டவளைப் பக்கத்தில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மழை விட்டிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதுதான் எப்போதாவது நடப்பது.

ஜோசப்பின் என்பவள் குவைத்திலிருந்து அனுப்பிய பெட்டி ஊசிமலைத் தோட்டத்துக்கு வந்த அன்றும் மழை விடவில்லை. அவளோடு அங்கே வீட்டு வேலை செய்த ஒரு பெண் லீவில் வந்தபோது ஹட்டன் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஜோசப்பினின் அண்ணன் லோரன்ஸ் அதை ரயில் கோச்சியில் ஏற்றி, வட்டவளையில் இறங்கி, தலையில் வைத்துப் படங்குச் சாக்கால் மூடி, வழுக்குகிற படிகளில் ஏறி ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்குக் கொண்டுவந்தான். அவன் உடம்பில் நனையாத இடமில்லை. பெட்டியில் ஒரு சொட்டு இல்லை.

எண்பத்திரண்டாம் வருசம் அது. லோரன்ஸுக்குத் தேயிலை ஃபெக்டரியான இஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. நாளெல்லாம் அந்த இரைச்சலில் நின்றாலும் அவன் காது கெட்டுப்போகவில்லை. தோட்டத்து மாதா கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஓகனை மீசை முளைக்கும் முன்பிருந்தே அவன்தான் வாசித்தான். கலியாணங்களுக்குப் போக மூன்று பேர் கொண்ட ஒரு செட்டும் வைத்திருந்தான். அவன் கையில் ஆர்மோனியம். வட்டவளைக் கடைவீதியில் தையல் மெஷின் போட்டிருந்த லியனார்ட் வயலின். டிரம் அடிப்பது லோரன்ஸின் மனைவி டோரீனின் அண்ணன் செபமாலை.

பெட்டியைத் திறந்த பின்னேரம் காம்பராவுக்குள் இடமில்லாமல் முன் வராந்தாவான இஸ்தோப்பிலும் ஆட்கள் நின்றார்கள். காம்பராவுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம். பெட்டியில் ஒரு சின்ன ஜப்பான் ஓகன். சாம்பல் நிறத்தில் பல் வரிசை போலக் கட்டைகள், அதற்கு மேலே சின்னச் சின்னப் பொத்தான்கள். லோரன்ஸ் டோர்ச் பெட்டரிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். ஒரு பொத்தானை அமுக்கினான். டக்கு டிக்கு டக்கு டிக்கு என்று பெட்டி தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. பொம்பளைகள் ஓவென்று சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

"இதுல நாதசொரம் வருமா தம்பி?" என்று பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி கேட்டாள்.

"நாதசொரம் இல்லக்கா. வயலின் வரும். புல்லாங்கொழல் வரும். டிரம்பட் இருக்கு பாருங்க."

"அப்ப உறுமி?"

"இது ஜப்பான்காரன் செஞ்சதுக்கா. அவன் உறுமியக் கண்டானா?"

இடது கையால் ஒரு கட்டையை அமுக்கினால் போதும். பெட்டி தானே கீழ்ச் சுருதியைப் போட்டு, தானே தாளத்தோடு சேர்ந்து நடந்தது. வலது கையால் பாட்டை வாசித்தால் பின்னால் நாலு பேர் நிற்பது போலக் கேட்டது. லோரன்ஸின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நாகலெட்சுமி பிறகு பல பேரிடம் சொன்னாள். கோயில் சுரூபத்துக்கு முன்னால்கூட அவன் அப்படி நின்றதில்லையாம்.

செபமாலை அடுப்படி வாசலில் குந்தியிருந்தான். அவன் விரல்கள் முழங்காலில் அந்தத் தாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன.

"இவன் தூங்க மாட்டானா மாப்புள?"

"பெட்டரி இருக்கிற மட்டும் தூங்க மாட்டான் மச்சான்."

"சோறு கேப்பானா?"

"கேக்க மாட்டான்."

"அப்ப நம்மளவிட நல்லவந்தான்" என்றான் செபமாலை. எல்லாரும் சிரித்தார்கள். டோரீன் மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டிக் கல்லிலிருந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கும் செபமாலைக்கும் அப்பா உயிரோடு இருந்தபோது தனக்கும் மகனுக்கும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். டோரீன் அதற்குள் லோரன்ஸைக் கட்டி, அவன் பேரோடு இலங்கைப் பிரஜையாகிவிட்டாள். அப்பா கப்பலைப் பார்க்காமலேயே டிக்கோயா ஆஸ்பத்திரியில் செத்தார். ஆனால் எழுதிக் கொடுத்தது சாகவில்லை. செபமாலைக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, புறப்படச் சொல்லி நோட்டீஸ் வந்தது, அவன் போகவில்லை. தோட்டத்து ஆள் கணக்கில் அவன் பேரை வெட்டினார்கள். பேர் இல்லாதவனுக்கு வேலை இல்லை, காம்பரா இல்லை. தங்கச்சி வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டான்.

"இந்தியாவுல எனக்கு என்னா தெரியும்? அப்பா சொன்ன ஒரு ஊர்ப் பேரு தெரியும். அந்த ஊருல எறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியுமா?" என்பான்.

போகாமல் தங்கியவர்களைப் பிடிக்க பொலிஸ் ஜீப் வரும். வேலை நாளில் வந்தால் லயம் காலியாகக் கிடக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் சனி, ஞாயிறில்தான் வருவார்கள். செபமாலை வேலை நாட்களில் விறகுக்கென்று காட்டுக்குப் போய்விடுவான். சனி, ஞாயிறில் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு செட்டோடு ஏதாவது ஒரு கலியாண வீட்டில் இருப்பான். தலவாக்கலை, டிக்கோயா, கொட்டகலை என்று எங்காவது. இப்படியே இரண்டு வருசம் ஓடியிருந்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். டோரீனுக்கு மட்டும் அது எதில் தொங்குகிறது என்று தெரியும்.

புதுப் பெட்டியை வைத்துக்கொண்டு தினமும் பின்னேரம் பழகினார்கள். லியனார்ட் வயலினோடு ஏறி வருவான். செபமாலை டிரம்மை மடியில் வைத்துப் பெட்டியின் தாளத்துக்கு மேலே மெல்லத் தட்டுவான். ஒரு நாள் கோயில் பாட்டு ஒன்றை லோரன்ஸ் வாசித்தபோது, செபமாலை கையை நிறுத்தினான்.

"மாப்புள, இப்ப ஒண்ணு விழுந்துச்சு."

"என்னா விழுந்துச்சு?"

"ஒரு சத்தம். நீ புடிச்சிருந்த சத்தத்துல ஒண்ணு காணல."

"நான் வெரலையே எடுக்கல மச்சான்."

"அதான் சொல்றேன். வெரல் இருக்கு, சத்தம் இல்ல."

லோரன்ஸ் மறுபடி வாசித்தான். இடது கையில் தாளமும் சுருதியும் ஓடிக்கொண்டிருக்க, வலது கையால் பழைய ஓகனில் பிடிப்பது போல ஐந்து விரலையும் அகல விரித்து அமுக்கினான். காதைக் கிட்ட வைத்தான். செபமாலை சொன்னது சரி. கடைசி விரல் இறங்கிய கணத்தில் முதல் விரலின் சத்தம் இல்லாமல் போனது. அறுந்து விழுந்த மாதிரியும் இல்லை, தேய்ந்து போன மாதிரியும் இல்லை. முதலிலிருந்தே அது இருந்ததில்லை என்பது போல இருந்தது.

"பழுதாப் போச்சா?" என்றாள் டோரீன். அவள் குரலில் கொஞ்சம் ஆசை இருந்த மாதிரி லோரன்ஸுக்குப் பட்டது. எரிச்சலோடு பெட்டியை மூடினான்.

ஹட்டனில் ரேடியோ திருத்துகிற பியதிலக்க பாஸ் பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஊதினார். மறுபடி பூட்டினார்.

"இதுக்கு வருத்தம், பழுது ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் சிங்களம் கலந்த தன் தமிழில். "நுவரெலியா ஹோட்டல் ஒண்ணில வாசிக்கிற மாத்தயாவும் இப்பிடித்தான் தூக்கிட்டு வந்தது. இதோட செய்கையே இப்பிடி. ஒரே நேரம் எட்டுச் சத்தம்தான் தரும். நீங்க அந்தத் தாளம், பேஸ் எல்லாம் போட்டா, அது தன்ட பக்கத்துக்கு நாலு எடுத்துக்கும். ஒங்களுக்கு மிச்சம் நாலு."

"அஞ்சாவது அமுக்குனா?"

"அஞ்சாவது கேக்கும். முதல் வந்தது போகும்."

"அத மாத்த ஏலாதா பாஸ்?"

"எப்பிடி மாத்துறது? உள்ள இடம் அவ்வளவுதான்." பாஸ் சிரித்தார். "சனத்துக்கு விளங்காது தம்பி. பயப்பட வேணாம். ஹோட்டல் மாத்தயா இன்னும் அதையேதான் வாசிக்குது."

லயத்துக்கு வந்து லோரன்ஸ் அதைச் சொன்னபோது செபமாலை வாய்விட்டுச் சிரித்தான். "புதுசா ஒருத்தன் உள்ள வந்தா பழையவன் வெளிய போவணுமா? அதுவும் சொல்லாமக் கொள்ளாம? நல்ல பெட்டிதான்."

"நாலு விரலோட நிறுத்திக்கிட்டா ஒண்ணும் தெரியாது மச்சான்."

"எனக்குத் தெரியுமே. அதோட இன்னொண்ணு. இதுல பைலா இல்ல, பாத்தியா? வால்ஸ் இருக்கு, மார்ச் இருக்கு, என்னென்னமோ இருக்கு. நம்ம சனம் ஆடுற தாளம் இல்ல."

"வால்ஸ வெரசா வச்சா பைலா மாதிரி வரும்."

லோரன்ஸ் வைத்துக் காட்டினான். செபமாலை எழுந்து அந்தத் தாளத்துக்கு இரண்டு எட்டு ஆடிப் பார்த்தான். மூன்றாவது எட்டில் வேண்டுமென்றே கால் இடறினான்.

"நொண்டுது மாப்புள. பைலா இப்படி நொண்டாது." அப்படிச் சொல்லும்போது அவன் சந்தோசமாக இருந்தான். தனக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போல.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் ஜீப் வந்தது. மறுநாள் விடியக் காலையில் மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணிக்குக் குடத்தை வைத்துவிட்டு நாகலெட்சுமி டோரீனிடம் மெல்லச் சொன்னாள்.

"அழகுமுத்த அள்ளிக்கிட்டுப் போய்ட்டாங்க புள்ள. சோத்துல கைய வச்சிருந்தானாம். கழுவக்கூட விடல. கையில வெலங்கப் போட்டு, கட்டுன சாரத்தோட ஏத்திட்டாங்க."

"அவரு பொஞ்சாதி?"

"அவளுக்கு இங்க பேரு இருக்கு. அவள ஏன் புடிக்கப் போறாங்க? ரோட்டுல உருண்டுகிட்டு கெடந்தாளாம்." நாகலெட்சுமி சுற்றிப் பார்த்தாள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்து மேலதிகாரியைப் பற்றிய பேச்சு என்பதால் குரலை இறக்கினாள். "கண்டாக்கையா நேத்து வாச்சர்கிட்ட கேட்டாராம். நம்ம பணிய லயத்துல எந்தக் காம்பராவுல எத்தன பேருன்னு."

"எங்க காம்பராவையா?"

"பொதுவாத்தான் கேட்டாராம். பாத்துக்க புள்ள."

டோரீனின் குடம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு வாகனம் கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். கொழுந்து லொறிதான். அது இஸ்டோர்ப் பக்கம் திரும்பியது.

டிக்கோயாவில் பெரிய பள்ளிக்கூட மாஸ்டராக இருந்த றோலண்டின் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தது. பூசை முடிந்து பள்ளிக்கூட மண்டபத்தில் விருந்து. லோரன்ஸ் பேசிவிட்டு வரப் போனான். மாஸ்டர் அவனுக்குக் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். அது அவனுக்குப் புதுசு.

"ஜப்பான் ஓகன் வந்திருக்காமே லோரன்ஸ். எல்லாரும் அதப் பத்தித்தான் பேசுறாங்க. டிரம்ஸ் உள்ளேயே இருக்காமே?"

"இருக்குங்க சேர்."

"வயலின் மாதிரி?"

"அதுவும் இருக்குங்க. ஆனா லியனார்ட் கட்டாயம் வருவாரு."

"லியனார்ட் வரட்டும். கோட்டுப் போட்டு நிக்கிற ஆளு. மேடைக்கு நல்லா இருக்கும். அந்தக் கொட்டுக்காரன் எதுக்கு? மேடை சின்னது. கொழும்பிலயிருந்து ஆட்கள் வர்றாங்க. அவங்க அந்த ஓகனத்தான் பாக்க ஆசைப்படுறாங்க. பொத்தான அமுக்குனா பேண்டே வருதுன்னு நான் வேற சொல்லி வச்சுட்டேன்."

லோரன்ஸ் பைலாவைப் பற்றிச் சொல்ல நினைத்தான். எட்டுச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல நினைத்தான். மாஸ்டரின் மனைவி கோப்பையில் பால் தேத்தண்ணி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். வழக்கமாகச் செட்டுக்காரர்களுக்குப் பின்பக்கத்தில் தகரக் குவளையில்தான் வரும்.

"சரிங்க சேர்" என்றான்.

அன்று பின்னேரம் அவன் அதை வீட்டில் சொன்னபோது செபமாலை அடுப்புக்குப் பக்கத்தில் ஈர விறகை அடுக்கிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

"ஞாயித்துக்கெழமயா?"

"ஆமா மச்சான். இந்த ஒரு தடவதான். மாஸ்டர் கேட்டுட்டாரு."

"ம்."

"அடுத்த கலியாணத்துக்கு…"

"சரி மாப்புள. நீ எதுக்கு இழுக்குற?" செபமாலை கடைசி விறகையும் வைத்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனான்.

அவன் வெளியே போனதும் டோரீன் குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள். "கொட்டு அடிக்கிறதுக்கு மட்டுமா எங்கண்ணனக் கூட்டிக்கிட்டுப் போனீங்க இம்புட்டு நாளும்?"

"நான் என்னா செய்யிறது? கலியாண வீட்டுக்காரங்க வேணாங்கிறாங்க."

"அவரு வராட்டி நானும் வரலன்னு சொல்றது."

"சொன்னா? வேற செட்டுக்காரன் வருவான். நல்ல எடம் டோரீன். கொழும்பு ஆளுக வாறாங்க. ஒருத்தர் பாத்துப் புடிச்சுப்போனா இந்த இஸ்டோர்லயே கெடந்து சாவ வேணாம்."

"ஞாயித்துக்கெழம ஜீப் வருமுங்க."

"வாரா வாரமா வருது? மேல்கணக்குக்கு வந்துட்டுப் போயிட்டாங்க. ஒடனே இங்க வருவாங்களா?"

"கண்டாக்கையா கேட்டிருக்காரு."

"பொதுவாத்தானே கேட்டாரு."

டோரீன் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். தேங்காய்ச் சம்பலை மூன்று பீங்கானில் பிரித்து வைத்தாள். அன்று மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்து சாப்பிட்டார்கள். கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலையில் லியனார்ட் கோட்டை ஒரு பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து நின்றான். லோரன்ஸ் பெட்டியைக் கம்பளியில் சுற்றினான். செபமாலையே வந்து கயிறு கட்டிக் கொடுத்தான்.

"நாலு விரல மறந்துறாத மாப்புள. சந்தோசத்துல அஞ்சாவது எறக்கிப்புடாத."

"சரி மச்சான்."

"பைலாவுக்கு ரொம்ப வெரசா வைக்காத. நொண்டுறது தெரியும்."

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு டோரீன் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். மழைக்குக் கொழுந்து தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஞாயிறிலும், அன்றன்றைக்கே காசு கொடுக்கிற கைக்காசுக் கொழுந்துக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்கள். போகிறபோது அண்ணனிடம் சொன்னாள்.

"காட்டுக்குப் போயிருண்ணே. ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், எடுத்துக்க. பொழுது சாய வந்தாப் போதும்."

"இந்த மழையிலயா?"

"கம்பளியப் போட்டுக்க."

"வெறகு நெறையக் கெடக்கு புள்ள. இன்னைக்கு எதுக்குக் காடு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

செபமாலை இஸ்தோப்பு விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டான். "இங்க பாரு தங்கச்சி. வெறகுக்குப் போனா அது வேல. கொட்டு அடிக்கப் போனா அதுவும் வேல. சும்மா காட்டுல போயி மரத்தடியில குந்திக்கிட்டிருந்தா அது ஒளிஞ்சுகிட்டிருக்கிறது. நான் யாரு வீட்டுலயும் திருடல. ஒளிய மாட்டேன்."

"அண்ணே…"

"போ. பெரட்டுக்கு நேரமாச்சு. பேரு கூப்புட்டா நீ நிக்கணும். கங்காணி கத்துவாரு."

டிக்கோயா மண்டபத்தில் கரண்ட் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. லோரன்ஸ் முதல் பொத்தானை அமுக்கியதும் கூட்டம் மேடைப் பக்கம் திரும்பியது. கொழும்புப் பிள்ளைகள் மேடைக்குக் கிட்ட வந்து நின்று பார்த்தார்கள். "டிரம்பட் போடுங்க அங்கிள்" என்றார்கள். போட்டான். "வயலின்" என்றார்கள். லியனார்ட் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, பெட்டியின் வயலினைப் போட்டான். கைதட்டினார்கள். லியனார்டும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து பைலா கேட்டார்கள். வால்ஸை விரைவாக வைத்தான். தாளம் நொண்டியது. அவன் காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் அந்த நொண்டல் கேட்டது. கூட்டத்தைப் பார்த்தான். மாஸ்டரின் தம்பி கோட்டைக் கழற்றி வீசிவிட்டு ஆடினார். பொம்பளைகள் சேலையைச் செருகிக்கொண்டு ஆடினார்கள். மண்டபமே நொண்டிக்கொண்டு ஆடியது, யாருக்கும் அது தெரியவில்லை. ஒரு கட்டத்தில் லோரன்ஸும் தன்னை மறந்து ஐந்தாவது விரலை இறக்கினான். அடியிலிருந்த சத்தம் காணாமல் போனது. லியனார்ட் மட்டும் வில்லை நிறுத்தாமலேயே திரும்பி அவனைப் பார்த்தான். வேறு யாரும் பார்க்கவில்லை.

மாஸ்டர் வந்து அவன் தோளைத் தட்டினார். "பத்துப் பேரு வாசிச்ச மாதிரி இருந்துச்சு லோரன்ஸ்."

அதே நேரத்தில் டோரீன் இஸ்டோருக்கு மேலேயுள்ள மலையில் நின்றாள். மழை சற்று விட்டு, பனி கிழிந்து, கீழே ரோடு தெரிந்தது. அவளுக்கு முன் நிரையில் நின்ற நாகலெட்சுமிதான் முதலில் கண்டாள். கொழுந்து எடுத்த கை அப்படியே நின்றது. டோரீன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவள் பார்த்த பக்கம் பார்த்தாள்.

ஜீப் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்கு அவசரமில்லை. கோயில் முடக்கு வளைவில் மறைந்து, மறுபடி தெரிந்தது. இஸ்டோருக்குப் போகிற பாதையை விட்டுப் பணிய லயத்துப் பக்கம் திரும்பியது.

டோரீன் கூடையோடு ஓடினாள். தேயிலைச் செடிகள் இடுப்பில் கட்டியிருந்த படங்கைப் பிடித்து இழுத்தன. தண்ணீர் ஓடுகிற கான் ஒன்றில் விழுந்தாள், கூடை கவிழ்ந்தது, அதை விட்டுவிட்டு ஓடினாள். "அண்ணே! அண்ணே!" என்று கத்தினாள். மலையில் எல்லாப் பொம்பளைகளும் சேர்ந்து கத்தினார்கள். மேலேயிருந்து கத்துவது கீழே லயத்தில் கேட்காது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜீப் போயிருந்தது. சேற்றில் டயர்த் தடம் இருந்தது, அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இஸ்தோப்பில் குடித்து முடிக்காத சாயத் தேத்தண்ணி. கடைசித் தொங்கல் காம்பராக் கிழவர் இராமையா மட்டும் வாசலில் நின்றார்.

"ஓடல தாயி" என்றார். "வந்தாங்க, பேரக் கேட்டாங்க. நாந்தான் செபமாலைன்னு எழும்பி நின்னான். சட்டை போட்டுக்கிறேன்னு கேட்டான், வேணாம்னுட்டாங்க."

லோரன்ஸ் பொழுது சாய வந்து சேர்ந்தான். கையில் கேக் பார்சல் இருந்தது. லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நிற்பதையும், தான் கடக்கும்போது பேச்சு நிற்பதையும் பார்த்துக்கொண்டே வந்தான். டோரீன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவள் அவனைத் திட்டவில்லை. "ஒரு சட்டையும் கம்பளியும் எடுத்து வச்சிருக்கேன். எங்க கொண்டு போய் குடுக்கணும்னு விசாரிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய் விசாரித்தார்கள். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் சிங்களத்தில், "அத ஹவஸ கோச்சியெ யவனவா" என்றார். அன்று பின்னேரக் கோச்சியில் அனுப்புகிறார்களாம்.

ஹட்டன் ஸ்டேசனில் கால் வைக்க இடமில்லை. தாமாகவே போகிறவர்கள் தகரப் பெட்டிகளோடும் மூட்டைகளோடும் நின்றார்கள். அவர்களை வழியனுப்ப வந்தவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு தோட்டமே வந்து அழுதது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தோட்டம். கோச்சியின் கடைசிப் பெட்டியில் சன்னலோரம் விலங்கு போட்ட நாலைந்து பேர். அழகுமுத்து இருந்தான், குனிந்த தலை நிமிரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பனியனோடு செபமாலை.

டோரீன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காவலுக்கு நின்றவன் ஒரு சின்னப் பையன். கம்பளியையும் சட்டையையும் வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அழுவாத புள்ள" என்றான் செபமாலை. "இங்கன எல்லாரும் அழுவுறாங்க. ஒன் சத்தம் எனக்குத் தனியாக் கேக்க மாட்டேங்குது. அழுவாம நில்லு. பாத்துக்கிறேன்."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செபமாலை அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற லோரன்ஸைப் பார்த்தான்.

"கலியாணம் எப்படி மாப்புள?"

"நல்லா இருந்துச்சு மச்சான்."

"பைலா?"

"வால்ஸத்தான் வச்சேன்."

"ஆடுனாங்களா?"

"ஆடுனாங்க."

"ம்." செபமாலை விலங்கு போட்ட கைகளை மடியில் திருப்பி வைத்தான். "யாராச்சும் என்னையக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க மச்சான். எல்லாருமே கேட்டாங்க. செபமாலை எங்க, ஏன் வரலன்னு."

"யாரு கேட்டா?"

லோரன்ஸ் ஒரு பேருக்காகத் தேடினான். நேற்று அந்த மண்டபத்தில் பார்த்த முகங்கள் எல்லாம் வந்தன. எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

"றோலண்ட் மாஸ்டர் கேட்டாரு. செபமாலை வரலியான்னு அவரே வந்து கேட்டாரு."

செபமாலையின் முகத்தில் கோபம் வரவில்லை. தாளம் தப்பும்போது லோரன்ஸைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"அவருக்கு என் பேரு தெரியாது மாப்புள."

கோச்சி ஊதியது. சன்னலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு விழுந்தார்கள். டோரீனைத் தள்ளினார்கள், லோரன்ஸைத் தள்ளினார்கள். அவர்கள் மறுபடி சன்னலைத் தேடியபோது அது எந்தச் சன்னல் என்று தெரியவில்லை. எல்லாச் சன்னலிலும் கைகள் இருந்தன.

கூட்டம் கலைந்த பிறகும் டோரீன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கடைவீதியில் ஏறும்போது மட்டும் திரும்பாமலே கேட்டாள்.

"ஒருத்தருமா கேக்கல?"

"இல்ல" என்றான் லோரன்ஸ்.

அவள் தலையை அசைத்தாள். மேலே நடந்தாள். மழை மறுபடி பிடித்தது.

அவன் அவளுக்குப் பின்னால் போகும்போது பாண் பேக்கரி வாசலிலிருந்து ஒருவர் குடையை ஆட்டிக் கூப்பிட்டார். நேற்று மண்டபத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு ஆடியவர், மாஸ்டரின் தம்பி. முகமெல்லாம் சிரிப்பு.

"ஆ, ஓகன்காரரே! நேத்து பிரமாதம். வாற மாசம் என் மச்சினனுக்குக் கலியாணம். நீங்களும் அந்தப் பெட்டியும் வந்தாச் சரி. வயலின்காரர்கூட வேணுமுன்னு இல்ல. என்ன, வருவீங்கதானே?"

லோரன்ஸ் டோரீனைப் பார்த்தான். அவள் நிற்கவில்லை. குடைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில் அவளுடைய முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. கூப்பிட்டவர் இன்னும் சிரித்துக்கொண்டு பதிலுக்கு நின்றார்.

லோரன்ஸின் தலை, அவனைக் கேட்காமலேயே, சரி என்று ஆடியது.